உரிக்க உரிக்கக் காந்தம்!

பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கும் காந்தத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காந்தத்தை வெங்காயம் மாதிரி உரித்துக்கொண்டே போய், கடைசியில் ஒற்றை அடுக்கு மட்டும் மிஞ்சினால் அது அப்போதும் காந்தமாக இருக்குமா?

‘இருக்காது’ என்று 1966-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள் டேவிட் மெர்மின், ஹெர்பர்ட் வாக்னர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள். ஆனால், அதில் ஒரு நிபந்தனை இருந்தது.

காந்தத்துக்குள் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டி ஊசி. எல்லா ஊசிகளும் ஒரே பக்கம் பார்த்தால்தான் காந்தம். கனமான கட்டியில் மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லாப் புறமும் துணை உண்டு. ஒற்றை அடுக்கில் பக்கத்துத் துணை மட்டும்தான். ஊசிகள் எந்தத் திசையிலும் இஷ்டம்போல் திரும்பலாம் என்றால், துளி வெப்பம் போதும். ஒன்று லேசாகச் சாய, அடுத்தது இன்னும் கொஞ்சம் சாய, அந்த அலை பரவி ஒழுங்கே குலைந்துவிடும். ‘எந்தத் திசையும் சமம்’ என்பதுதான் அந்த நிபந்தனை.

ஊசி மேலே அல்லது கீழே மட்டுமே பார்க்கும் என்று வைத்துக்கொண்டால்? அப்படியானால் ஒற்றை அடுக்கிலும் காந்தம் சாத்தியம் என்பதை லார்ஸ் ஆன்சாகர் 1944-லேயே கணக்கில் காட்டியிருந்தார். அதற்கேற்ற பொருளைக் கையில் பிடிக்கத்தான் வெகுகாலம் ஆனது.

2017-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து அதைச் செய்தன. பொருளின் பெயர், குரோமியம் டிரை அயோடைடு. ஒட்டும் டேப்பால் ஏடு ஏடாக உரித்தார்கள். ஓர் ஏட்டின் கனம், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை! நடுவில் குரோமியம், இருபுறமும் அயோடின். கனமான அயோடின் அணுக்களின் தயவால், குரோமியத்தின் ஊசிகள் ஏட்டுக்குச் செங்குத்தாக நிற்பதையே விரும்புகின்றன. சாய்க்க வேண்டுமானால் கூடுதல் சக்தி தேவை. கடுங்குளிரில் அந்தச் சக்தி வெப்பத்துக்கு இல்லை.

அந்த ஏட்டில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பவைத்துச் சோதித்தார்கள். மைனஸ் 228 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒற்றை ஏடு காந்தமாகவே இருந்தது. கட்டியாக இருந்தால் மைனஸ் 212 டிகிரியே போதும்.

இரண்டு ஏடு சேர்ந்திருந்தால் வேடிக்கை. ஒன்று மேலே, மற்றது கீழே பார்த்து, காந்தம் காணாமல் போகிறது. மூன்றாவது ஏடு சேர்ந்தால் திரும்ப வந்துவிடுகிறது!

மேலே ‘1’, கீழே ‘0’ என்று வைத்தால் இது தகவல் சேமிக்கும் ஏடாகலாம். ஆனால், இந்தக் குளிரை எந்த வீட்டு பிரிட்ஜும் தராது. அதனால், சாதாரண அறை வெப்பத்திலும் குலையாத ஏடுகளைத் தேடி ஆய்வுக்கூடங்களில் உரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.