போருக்கு மட்டும் வரி கட்ட மாட்டேன் என்றால்?

"என் மதம் உயிர்க்கொலையை ஒப்பாது. அதனால் என் வருமான வரியில் ராணுவத்துக்குப் போகிற பங்கை மட்டும் கட்ட மாட்டேன். மீதியைப் பைசா பாக்கியில்லாமல் கட்டிவிடுகிறேன்." மதுரை பீபீகுளம் வருமான வரி அலுவலகத்துக்கு ஒருவர் இப்படிக் கடிதம் எழுதினால் என்ன ஆகும்?

கடிதம் கோப்பில் சேரும். பாக்கி பாக்கியாகவே நிற்கும். வட்டி ஏறும், அபராதம் வரும், பிறகு வங்கிக் கணக்கு முடக்கம், ஜப்தி. மாதச் சம்பளக்காரருக்கு இந்த அளவு வீரம் காட்டக்கூட வழியில்லை. டி.டி.எஸ். என்று பிடித்துக்கொண்டுதான் சம்பளமே கைக்கு வருகிறது. வருமான வரியே கட்டாதவரும் தப்ப முடியாது. மாசி வீதியில் ஒரு சோப்பு வாங்கினாலும் பில்லின் அடியில் சி.ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருக்கும். அது டெல்லிக்குப் போகிற காசு.

எவ்வளவு ராணுவத்துக்குப் போகிறது? 2025-26 மத்திய பட்ஜெட் மொத்தம் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதுகாப்புத் துறைக்கு, ஓய்வூதியமும் சேர்த்து, 6.81 லட்சம் கோடி. நூற்றுக்குப் பதின்மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் இந்தப் பதின்மூன்று ரூபாயைத் தனியாக ஒருவரிடமும் வசூலிப்பதில்லை. எல்லா வரியும் இந்தியத் தொகுநிதி என்ற ஒரே கஜானாவில் விழுகிறது. எந்த நோட்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது, எது பீரங்கிக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. சட்டம் பிடித்துக்கொள்ளும் பிடி இதுதான்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஒரு விசித்திரம். குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்க்கவென்றே ஒதுக்கப்படும் வரியை யாரையும் கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அது. அடுத்தவர் சாமிக்கு வரி கட்ட மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. என் சாமி வேண்டாம் என்று சொன்ன துப்பாக்கிக்கு வரி கட்ட மாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லை. மனச்சாட்சிச் சுதந்திரம் தரும் 25ஆவது பிரிவும் பொது வரி வரைக்கும் நீளாது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1755இல் பென்சில்வேனியாவில் ஜான் வுல்மன் முதலிய குவேக்கர்கள் (போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினர்), போருக்கென்று விதித்த வரியைக் கட்டுவது தங்கள் விசுவாசத்துக்கு விரோதம் என்றார்கள். 1846இல் எழுத்தாளர் தோரோ அமெரிக்காவில் தலைவரி கட்டாமல் ஓரிரவு சிறையில் இருந்தார். 1982இல் ஆமிஷ் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் சமூகப் பாதுகாப்பு வரி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போர்ச் செலவையே எடுத்துக்காட்டாகச் சொன்னது: ஆளாளுக்கு மத நம்பிக்கையைக் காட்டி வரியில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டால் வரி அமைப்பே நடக்காது. அப்படிப்பட்டவர்களின் வரியை ராணுவம் சாராத செலவுக்கு மட்டும் ஒதுக்கும் மசோதா ஒன்று 1972 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, நிறைவேறியபாடில்லை.

அங்கே இது தனி மனிதரின் சுத்தம் பற்றிய கேள்வி: என் காசில் ரத்தக் கறை படியக் கூடாது. இங்கே அந்தக் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. அதற்கு வடிவம் கொடுத்தவர் மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி.குமரப்பா.

1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்காளர் பயிற்சி, பம்பாயில் தணிக்கைத் தொழில், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றிய ஆய்வு. கோட்டும் சூட்டுமாகத் திரிந்த அந்த ஆடிட்டர், இந்திய அரசின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டியபோதுதான் தேசியவாதி ஆனார். ஆய்வை எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். காந்தி அதை 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார்.

கணக்கில் அவர் கண்டது இதுதான்: வரி வசூலிப்பது ஏழையிடம், செலவிடுவது ராணுவத்துக்கும் கடனுக்கும் அதிகாரிகளின் சம்பளத்துக்கும். 1931இல் காங்கிரஸ் அமைத்த நிதிப் பொறுப்புக் குழுவில் அவரும் இருந்தார். இந்தியாவின் தலையில் ஏற்றிய கடனில் எது உண்மையில் இந்தியாவுடையது என்று அந்தக் குழு தேடியது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு இந்தியர் தலையில். ஆப்கன் போர், பர்மியப் போர் செலவும் அப்படியே. 1867இல் லண்டன் வந்த துருக்கி சுல்தானுக்கு வைத்த விருந்துச் செலவைக்கூட இந்தியக் கணக்கில் எழுதியவர்கள் ஆங்கிலேய ஆட்சியாளர்கள்!

இந்தப் பின்னணியில் பார்த்தால், 1930 தொடக்கத்தில் காந்தி வைத்த பதினோரு கோரிக்கைகள் வேறு மாதிரி தெரியும். உப்பு வரி ஒழிப்பும் நிலவரியைப் பாதியாக்குவதும் இருந்த அதே பட்டியலில் ராணுவச் செலவைப் பாதியாகக் குறைப்பதும் இருந்தது. உப்பு அள்ளியவர்கள் போர்ச் செலவையும் எதிர்த்தார்கள் என்பது பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராது. காந்தியும் இதில் ஒரே நேர்கோட்டில் நடந்தவர் அல்ல. 1918இல் கேடாவில் வரி மறுப்பை நடத்திய கையோடு, அதே மாவட்டத்தில் உலகப் போருக்கு ஆள் சேர்க்கவும் ஊர் ஊராகப் போனார்.

குமரப்பா தன் சபையையும் விட்டுவைக்கவில்லை. சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு முரண் என்று கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட் சொன்னபோது, இயேசுவைச் சாட்சிக்கு அழைத்தே பதில் எழுதினார். அதே 1930இல் மதுரை மிஷன் ஊழியர் ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான் என்ற அமெரிக்கரின் வீட்டில் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் தங்கினார். வைஸ்ராயிடம் காந்தியின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆங்கிலேயக் குவேக்கர் அவர். அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக வெளிநாட்டு மிஷன்கள் வாக்குக் கொடுத்திருந்த காலம். கெய்த்தான் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

1940 தனிநபர் சத்தியாகிரகத்தின் முழக்கமே, ஆளாகவோ பணமாகவோ போருக்கு உதவுவது தவறு என்பதுதான். ஊரெல்லாம் யுத்த நிதி வசூல் நடந்த நேரம் அது. சென்னை மாகாணம் திரட்டிக் கொடுத்த பணத்துக்காக பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் பிரிவுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் வைத்தார்கள். நன்கொடையை மறுக்கலாம். குமரப்பா சுட்டிக்காட்டியது மறுக்கவே முடியாத ஒரு வரியை. பிரிட்டன் இங்கிருந்து தானியமும் துணியும் எடுத்துக்கொண்டு லண்டனில் கடன் சீட்டு எழுதி வைத்தது. அந்தச் சீட்டின் பேரில் இங்கே நோட்டு அச்சானது. போர் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த நோட்டு ஆறு மடங்கைத் தாண்டியது. அரிசி விலை ஏறியதே போர் வரி. அப்பம் கேட்டால் கல்லா என்ற விவிலிய உவமையைத் தலைப்பாக்கி இதை எழுதினார். அந்தக் காலச் சிறைவாசத்தில்தான் இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றிய நூலும் 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலும் பிறந்தன.

அவர் பொதுப் பணத்தை எப்படிப் பார்த்தார் என்பதற்கு 1934 பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கே போதும். தொண்டருக்கு நாளுக்கு மூன்று அணாதான் படி. காந்தி கூட்டத்துக்கு வந்தபோதும், அவர் பரிவாரத்தின் சாப்பாட்டுக்கும் கார் பெட்ரோலுக்கும் நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். கொடுத்தவன் எதற்குக் கொடுத்தானோ அதற்குத்தான் காசு. போர் வரி பற்றிய அவர் பார்வையும் இந்த ஒரு விதியிலிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே பீபீகுளத்துக்குக் கடிதம் எழுத நினைப்பவரின் மனச்சாட்சியை மதிக்கலாம், வழி பயன்படாது. பணத்தை ஜப்தி செய்து எடுத்துக்கொண்டு அதே கஜானாவில்தான் போடுவார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். 2018இலும் 2023இலும் மக்களவையில் மானியக் கோரிக்கைகள் அத்தனையும், ராணுவத்துடையது உட்பட, விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறின. அடுத்த பட்ஜெட் வரும்போது உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள்: பாதுகாப்புத் துறை மானியத்தின் மீது பேசினீர்களா, இல்லை மணியடித்ததும் கையைத் தூக்கிவிட்டு வந்தீர்களா என்று கேளுங்கள்.