தலைவருக்குத் தன்னறிவு

ஆலயத் தொண்டில் தலைமைப் பொறுப்பேற்போர் முதலில் அறிய வேண்டியது தம்மையே என்பேன். திருக்குறளின் 44ஆம் அதிகாரம் குற்றங்கடிதல். தலைவன் முதலில் தன் குற்றத்தை நீக்கி, அதன் பின்பே பிறர் குற்றத்தைக் காண வேண்டும் என்று வள்ளுவர் அங்கே அறிவுறுத்துகிறார். செருக்கு, சினம், ஈயாத மனம் ஆகியவற்றையும் குற்றங்களாகச் சுட்டுகிறார்.

அடுத்த 45ஆம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். இவ்வரிசைக்கு நான் காணும் பொருள் இதுதான்: தன் குற்றம் தன் கண்ணுக்கு எளிதில் தெரியாது, இடித்துரைப்பவர் அருகில் வேண்டும்.

ஆலயக் கணக்கில் இருப்பது அடியார்கள் மனமுவந்து அளித்த காணிக்கை. நிர்வாகக் கூட்டத்தில், “இந்தச் செலவு ஏன்?” என்று ஒருவர் கேட்கும்போது நம்முள் எழுவது சினமா, நன்றியா? அதைக் கவனித்தாலே நம்மை நாம் அறியலாம். கேட்டவரை அடுத்த கூட்டத்திற்கும் அன்போடு அழைப்போம்.