ஒரு முதன்மை எண்ணுக்கு எத்தனை பேர்?

இலங்கைத் தோட்டத்துச் செக்ரோலில் (வரவுப் பதிவேட்டில்) ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும். 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி அதன் குறைந்தபட்சச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அடுத்த மாதம் 12ஆம் திகதி, அதுவரை அறிந்தவற்றிலேயே மிகப் பெரிய முதன்மை எண் உறுதியானது: 2இன் 136,279,841ஆம் வலுவில் 1 குறைவு. மொத்தம் 41,024,320 இலக்கங்கள். இதற்கும் பேர் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் எழுத்துக்கூலி. இலக்கத்துக்கு 7 மில்லிமீட்டர் விட்டு ஒரே வரியாக எழுதினால் 287 கிலோமீட்டர். கொழும்புக் கோட்டையில் தண்டவாளத்தோரம் தொடங்கும் வரி எல்ல, தெமோதரை எல்லாம் தாண்டி, பதுளை நிலையத்துக்குச் சற்று முன்னால் முடியும். பக்கத்துக்கு 625 இலக்கம் என்றால் 80 பக்கக் கொப்பிகள் 821 வேண்டும். விநாடிக்கு ஒன்று வீதம் நாளுக்கு 8 மணிநேரம் எழுத 1,425 பேர். சேமலாப நிதி சேர்க்காமலே 19 இலட்சம் ரூபாய்க்கு மேல். கணினிக்கோ இது வெறும் 17 மெகாபைட். இரண்டடிமானத்தில் 136,279,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான்.

கண்டுபிடித்த செலவுதான் மலைக்க வைக்கிறது. லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர், 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த கணினிகளுக்காக 20 இலட்சம் டொலருக்குள் செலவிட்டார். அந்த மேல்வரம்பை 290 ரூபாய் வீதம் மாற்றினால் 58 கோடி. ஏறத்தாழ 4,29,600 பேர். நாளுக்கு ஆயிரம் பேர் மலைக்குப் போகும் தோட்டத்தில், மாதம் 25 நாள் வீதம் 17 மாதச் சம்பளம். பரிசு 3,000 டொலர், அதாவது 644 பேர். கொப்பியில் எழுதும் கூலியில் பாதிகூடத் தேறவில்லை!

பணம் எங்கே போனது? இப்படி ஒரு எண்ணைச் சோதிக்க 4இல் தொடங்க வேண்டும். வர்க்கித்து, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்து, மீண்டும் அதையே செய்ய வேண்டும். 31க்கு (2இன் 5ஆம் வலுவில் 1 குறைவு) மூன்றே படி: 4, 14, 8, 0. இறுதியில் பூச்சியம் வந்தால் முதன்மை. நம் எண்ணுக்குப் படிகள் 136,279,839. ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் நான்கு கோடி இலக்க எண்ணை வர்க்கிக்க வேண்டும். அதைவிட, பூச்சியம் வராமல் போன எண்களுக்கும் மின்சாரக் கட்டணம் உண்டு.

சில விவரங்கள் இலவசம். கடைசி இரு இலக்கங்கள் 51 என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தாளிலேயே காட்டலாம். முதன்மை இல்லை என்று காட்ட வகுஎண் தேடுபவர் 272,559,683க்குக் கீழே 1ஐத் தவிர எதையும் தொட வேண்டியதில்லை. அதற்குக் கீழ் வேறெதுவும் வகுக்காது என்பது வலுவைப் பார்த்ததுமே தெரியும். இந்த முதன்மை எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவெண் (தன்னைத் தவிர்ந்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) 82,048,640 இலக்கம். அதே எழுத்தில் 574 கிலோமீட்டர், ஏறக்குறைய பதுளைக்குப் போகவர.

பயன்? வங்கிகளில் வழங்கும் ஒரு குறியாக்க முறை 309 இலக்க முதன்மை எண் இரண்டை வைத்தே வேலையை முடித்துவிடுகிறது. அதில் ஒன்றின் நீளம் நம் ஒரே வரிக் கணக்கில் 2 மீட்டர் 16 சென்ரிமீட்டர்.