தோட்டத்துக் குருவிகளும் கழுவாத குழாயும்



மகனோ மகளோ வெளிநாட்டில் வேலைசெய்ய, அவர்களைக் காணச் சென்று இரண்டொரு மாதம் தங்கித் திரும்பியவர்கள் நம்முடைய சபைகளில் இன்று அநேகர். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் அரண்மனையையும் ஆற்றுப்பாலத்தையும் பெரிய கடைகளையும் சொல்லுவார்கள். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நானும் என் மனைவியும் லண்டனின் தென்பகுதியாகிய குரோய்டனில் எங்கள் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அரண்மனையை ஒருநாள் பார்த்தோம். மற்ற நாட்களில் நான் பார்த்ததெல்லாம் வீட்டின் பின்புறத்தில் 15 அடி அகலமுள்ள ஒரு சிறு தோட்டத்தையும், அதில் வந்து இறங்கிய பறவைகளையுமே.

ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன். ஆகாயத்துப் பறவைகளைக் குறித்து 30 ஆண்டுகளாகப் பிரசங்கித்து வந்தவன் நான். ஆனால் ஒரு பறவையையாவது ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உற்றுப் பார்த்தவனல்ல. மும்பையில் ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தால் கையை ஓங்கி விரட்டுவோம். பறவைகளோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் அவ்வளவே.

அங்கே பார்க்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மகள் மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் நர்ஸ். பகலில் அவள் உறங்கவேண்டும். வீட்டில் சத்தம் கூடாது. பள்ளி விடுமுறையாகையால் ஏழு வயதுப் பேத்தி என் பொறுப்பு. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அவளுடைய ஆங்கிலமோ என் காதுக்குப் பிடிபடவில்லை. ஆகவே நாங்கள் இருவரும் சமையலறையின் கண்ணாடிக் கதவருகே அமர்ந்து, வெளியே வருகிறதையெல்லாம் விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தோம். அவள் பெயர் சொல்லுவாள். நான் திருப்பிச் சொல்லுவேன். தவறினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

முதலில் நான் கற்றுக்கொண்டது ராபின். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பனியின்மேல் நெஞ்சு சிவந்து நிற்குமே, அந்தக் குருவிதான். விக்டோரியா அரசியின் காலத்தில் சிவப்பு மேற்சட்டை அணிந்த தபால்காரர்களை ஜனங்கள் 'ராபின்' என்று அழைத்தார்களாம். அதனால்தான் அது வாழ்த்து அட்டையில் ஏறிற்று என்பார்கள். உண்மையில் அதன் நெஞ்சு சிவப்பன்று, ஆரஞ்சு நிறம். எங்கள் தோட்டத்துக்கு ஆகஸ்ட் மாதத்தில் வந்த இளம் பறவைக்கு அதுவும் இல்லை. உடல் முழுவதும் பழுப்புப் புள்ளிகள். வாரங்கள் செல்லச் செல்லப் புள்ளிகள் மறைந்து, நெஞ்சில் திட்டுத்திட்டாக நிறம் ஏறியதைக் கண்டோம். நான் மண்ணைக் கிளறினால் புழுவுக்காக இரண்டடி தூரத்தில் வந்து நிற்கும். பார்வைக்கு அத்தனை சாது. ஆனால் தன் எல்லைக்குள் வேறொரு ராபின் நுழைந்தால் சில வேளைகளில் கொல்லும் அளவுக்குச் சண்டையிடும். இலையுதிர்காலம் தொடங்கியதும் ஆணும் பெண்ணும் தனித்தனியே எல்லை பிடித்துக்கொண்டு, இரண்டுமே பாடும். செப்டம்பரில் விடியற்காலை ஜெபத்துக்கு எழுந்தபோது அந்தப் பாட்டைக் கேட்டேன். 'இது என் இடம், விலகிப் போ' என்பதே அதன் பொருள் என்று பின்பு அறிந்தேன். அறிந்தபின்பும் அது இனிமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வானத்தில் "கீ, கீ" என்று பெருங்கூச்சல். என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து, "ஏங்க, இது நம்ம ஊர்க் கிளி!" என்றாள். ஆம், செந்நிற அலகும் நீண்ட வாலும், ஆணுக்குக் கழுத்தில் வளையமும் உள்ள அதே பச்சைக்கிளிதான். கூண்டில் வளர்க்கக் கொண்டுபோகப்பட்டவை தப்பியும் விடப்பட்டும் அங்கே பெருகியிருக்கின்றன. 1969இல் கென்ட் மாவட்டத்தில் அவை வெளியில் குஞ்சு பொரித்தது பதிவாயிற்று. இன்று லண்டன் பூங்காக்களில் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்னும் கிட்டார் கலைஞர் ஒரு ஜோடியைத் திறந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. 2019இல் ஆய்வாளர்கள் பதிவுகளைச் சோதித்து, அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கிளிகள் சிறு பறவைகளைத் தீனியிடத்திலிருந்து விரட்டுகின்றன என்று அவ்வூராரில் சிலர் குறைகூறுகிறார்கள். அதில் உண்மையுண்டு, நானே கண்டேன். ஆனாலும் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, அதைக் கேட்கும்போது மனம் ஒருவிதமாகத்தான் இருக்கிறது. ஏனெனில் அதே வேலியில் கழுத்தில் கறுப்புக் கோடுள்ள ஒரு சாம்பல் நிறப் புறாவும் வந்து உட்காரும். நம் நாட்டின் வறண்ட வெளிகளிலும் அந்த இனம் உண்டு. பால்கன் நாடுகளிலிருந்து தானாகவே ஐரோப்பாவைக் கடந்துவந்து, 1955இல்தான் பிரிட்டனில் முதன்முதலாக, நார்ஃபோக் பகுதியில், கூடுகட்டியது. அதை ஒருவரும் அந்நியன் என்று சொல்லக் கேட்டதில்லை.

அடைக்கலான் குருவியும் வந்தது. வேதத்தில் வாசித்துப் பழகிய பெயர் என்பதால் அதைக் கண்டதும் பழைய உறவினரைக் கண்டதுபோல் இருந்தது. அங்கும் அது குறைந்துபோய், 2002 முதல் ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

இப்போது, சொல்லவேண்டும் என்று தொடங்கிய காரியத்துக்கு வருகிறேன்.

தோட்டத்து மரக்கிளையில் மகள் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே தோல் நீக்கிய சூரியகாந்தி விதை. பக்கங்களில் சிறு துவாரங்களும், பறவை அமரக் குச்சிகளும். இன்னொன்றில் பேயெள், அதாவது மராத்தியர் சட்னி அரைக்கும் காரளே. தினமும் காலையில் குழாயை நிரப்புவது என் வேலையாயிற்று. அடியில் பழைய விதை ஈரத்தில் கட்டியாகிக் கிடக்கும். அதன்மேலேயே புதியதைக் கொட்டுவேன். பறவைகள் கூட்டமாக வந்தன. மனதுக்குள் ஒரு பெருமிதமும் வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு பச்சைக் குருவி குழாயின் அடியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தது. கிரீன் ஃபிஞ்ச் என்று பெயர். ஆலிவ் பச்சை உடல், சிறகோரத்தில் மஞ்சள், தடித்த அலகு. இறகுகளைப் பந்துபோல் உப்பிக்கொண்டு, அலகைச் சுற்றி ஈரமான விதைத்துகள் ஒட்டியிருக்க, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. பேத்தி அருகே சென்றும் பறக்கவில்லை. மறுநாள் காலையில் அது இறந்து கிடந்தது. இருவரும் ரோஜாச் செடியின் கீழ் புதைத்தோம். அவள் என்னைப் பார்த்து, வராத தமிழில், "தாத்தா, நம்ம சாப்பாடு சாப்பிட்டதாலா?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா, அது வயதான குருவி" என்றேன். எனக்கு அது தெரியாது. கேட்ட கேள்வியிலிருந்து தப்பவே சொன்னேன்.

அன்று மாலை அடுத்த வீட்டு மூதாட்டி வேலிக்கு அப்பாலிருந்து எங்களைக் கண்டு விசாரித்தார். மகள் மொழிபெயர்த்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள்?" நான் வந்த நாள்முதல் ஒருமுறையும் கழுவவில்லை.

அவர் சொல்லி, பின்பு நானும் வாசித்து அறிந்தது இது. நோயின் பெயர் டிரைக்கோமோனோசிஸ். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி பறவையின் தொண்டையில் தங்கி, அதை வீங்கச் செய்யும், உணவு இறங்காது. நோயுற்ற பறவையின் எச்சில் பட்ட விதையையும் தண்ணீரையும் அடுத்த பறவை உட்கொள்ளும்போது பரவுகிறது. மனிதருக்கு அது தொற்றுவதில்லை. புறாக்களில் நெடுங்காலமாக அறியப்பட்ட இந்நோய் 2005இல் பிரிட்டனில் இந்தச் சிறு குருவிகளிடம் காணப்பட்டது. கிரீன் ஃபிஞ்ச் 2009ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய 43 லட்சத்திலிருந்து 28 லட்சமாகக் குறைந்து, 2021இல் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. தோட்டந்தோறும் அன்போடு வைக்கப்பட்ட தீனியிடங்களில் கூட்டங்கூடியதும் பரவலுக்கு ஒரு வழியாயிற்று. அங்குள்ள பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கம், 1889இல் தொப்பிக்காக இறகு பறிப்பதை எதிர்த்துப் பெண்கள் தொடங்கியது, 2025இல் தட்டையான தீனித்தட்டுகளை விற்பதையே நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் நம் மும்பையில் தாதர் கபூத்தர்கானாவைத் தார்ப்பாயால் மூடியபோது எழுந்த கூக்குரலை நீங்கள் அறிவீர்கள். அங்கே கேடு மனிதரின் நுரையீரலுக்கு. இங்கே குருவியின் தொண்டைக்கு.

அந்தக் குருவி எங்கள் குழாயில்தான் நோயைப் பெற்றதா, வேறு தோட்டத்திலிருந்து கொண்டுவந்ததா என்று ஒருவரும் சொல்லமுடியாது. ஆகிலும் நான் பேத்தியிடம் சொன்னது பொய். இரவெல்லாம் அது உறுத்திற்று. மறுநாள் காலையில் அவளைக் கண்ணாடிக் கதவருகே உட்காரவைத்து, "தாத்தா குழாயைக் கழுவவில்லை. அதனாலும் இருக்கலாம். நேற்று உன்னிடம் நான் உண்மை சொல்லவில்லை" என்றேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு எழுந்து, கழுவும் தொட்டிக்குக் கீழிருந்து வாளியை எடுத்துவந்தாள்.

குழாய்களைக் கழற்றி, கிருமிநாசினியில் ஊறவைத்து, புட்டி கழுவும் தூரிகையால் தேய்த்து, வெயிலில் உலர்த்தினோம். பறவைகள் கலைந்துபோகும்படி இரண்டு வாரம் ஒன்றும் தொங்கவிடவில்லை. தண்ணீர்த் தட்டையும் கவிழ்த்தோம். தோட்டம் வெறிச்சோடியது, ராபின் மாத்திரம் மண்ணைக் கிளறக் கேட்டு வந்துபோனது. மீண்டும் தொங்கவிட்டபோது அரைக் குழாய் விதைதான். மூன்றாம் நாள் நாங்கள் விமானம் ஏறிவிட்டோம்.

அந்நாட்டில் 1979 முதல் ஜனவரி மாதக் கடைசி வாரக்கோடியில் ஜனங்கள் ஒரு மணிநேரம் தங்கள் தோட்டத்துப் பறவைகளை எண்ணி அறிக்கை அனுப்புகிறார்கள். 2025 ஜனவரியில் பேத்தியும் எண்ணினாள். தான் எழுதிய தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள்: அடைக்கலான் குருவி 6, புளூ டிட் 4, கிளி 3, சாம்பல் புறா 2, ராபின் 1. வராத பறவையை எழுதவேண்டும் என்று விதியில்லை. அவளோ கடைசி வரியில் கிரீன் ஃபிஞ்ச் என்று எழுதி, எதிரே 0 என்று போட்டிருந்தாள். அதன் கீழே, பென்சிலால், குழாய் கழுவிய சனிக்கிழமைகளின் தேதிகள்.