ஓட்டைக் காலணாவும் ஒரு கை பருத்தியும்

சென்னை கொத்தவால்சாவடிப் பக்கமோ, மதுரை கீழமாசி வீதியோ, கோவையோ, திருச்சியோ, எந்தக் கடைத்தெருவுக்கு வேண்டுமானாலும் போங்கள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரிடம் "அண்ணாச்சி, சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் சிலராவது சாத்தூருக்குப் பக்கம், கோவில்பட்டிக்குக் கிழக்கே, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே என்று ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்வார்கள். சொல்லும்போதே அவர்கள் முகம் மாறிவிடும். விலைவாசியும் வரிக்கணக்கும் மறந்து, கிணற்றில் குதித்ததும் நுங்கு வண்டி ஓட்டியதும் பேச்சில் வந்து நிற்கும்.

அந்தப் பேச்சை வெறும் பழங்கதை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கரிசல் காட்டுச் சிற்றூர்களில் 1950களிலும் 60களிலும் கவலையின்றித் திரிந்த சிறுவர்கள்தாம் பின்னாளில் தமிழ்நாட்டின் பல கடைத்தெருக்களைக் கட்டி எழுப்பினார்கள். வியாபாரத்தின் முதற்பாடத்தை அவர்கள் பள்ளியில் படிக்கவில்லை. விளையாட்டிலும் ஊர்ப் பலசரக்குக் கடை வாசலிலும்தான் படித்தார்கள்.

விளையாட்டே கணக்கு

அந்நாளைய பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தரும் வழக்கம் கிடையாது. வேண்டியதை அவர்களே செய்துகொள்வார்கள். கோடையில் நுங்கு தின்றபின் மிஞ்சும் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு ஒன்றால் தள்ளினால் வண்டி தயார். வேப்பங்கிளையை வெட்டிச் சீவினால் கிட்டிப்புள். ஆமணக்குக் குழல் ஒன்று கிடைத்தால் பீச்சாங்குழல். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கமலைக் கிணற்றில் குதித்தால் நீச்சல் தானாக வந்துவிடும்.

பெண் பிள்ளைகள் திண்ணையில் பல்லாங்குழி ஆடுவார்கள். குழிக்கு இத்தனை முத்து, எங்கே தொடங்கினால் எங்கே போய் முடியும், எந்தக் குழியைத் துடைத்தால் அள்ளலாம் என்பதெல்லாம் கண் பார்த்த மாத்திரத்தில் மனத்தில் ஓடவேண்டும். இருப்புக் கணக்கு என்று நாம் சொல்வது இதைத்தானே! புளியமுத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, ஆட்டத்தில் தோற்றவருக்குக் கடன் கொடுத்து, அடுத்த ஆட்டத்தில் மறக்காமல் திரும்ப வாங்கும் சாமர்த்தியம் பத்து வயதிலேயே வந்துவிடும்.

கடை வைத்து விளையாடுவது இன்னொன்று. இரண்டு சிரட்டையைத் துளைத்து நூல் கட்டினால் தராசு. ஆற்று மணல் சர்க்கரை, செங்கல் தூள் மிளகாய்ப்பொடி, பூவரச இலை ரூபாய் நோட்டு. தராசு முள் நேராக நிற்கிறதா என்று வாங்கும் பிள்ளை குனிந்து பார்க்கும். "எடை குறையுது, இன்னும் கொஞ்சம் போடு" என்று சண்டைக்கு வரும். வாடிக்கைக்காரர் கண் எப்போதும் முள்ளில்தான் இருக்கும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக யார் சொல்லித்தர முடியும்?

கைப்பருத்திக்குக் காரச்சேவு

கரிசல் காட்டில் பருத்தி வெடிக்கும் காலம் பிள்ளைகளுக்குப் பண்டிகைக் காலம். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த அந்த நாட்களில் காட்டிலிருந்து வரும் பிள்ளையின் கையிலோ கால்சட்டைப் பையிலோ ஒரு கை பருத்தி இருக்கும். நேரே ஊர்க் கடைக்குத்தான் ஓட்டம். கடைக்காரர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். தூசு, இலைச்சருகு, ஈரம் மூன்றையும் விரலாலேயே தெரிந்துகொள்வார். பிறகு காரச்சேவோ, கருப்பட்டிச் சேவோ, கடலைமிட்டாயோ காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். ஈரப் பருத்தி என்றால் சேவு குறையும். அடுத்த முறை அந்தப் பிள்ளை வெயிலில் உலர்த்திக் கொண்டுவரும். சரக்கின் தரத்துக்கு ஏற்றதே விலை என்பது இப்படித்தான் மனத்தில் பதிந்தது.

கடையின் மூலையில் சாக்கில் சேர்ந்த பருத்தி, மாட்டு வண்டி ஏறிச் சாத்தூருக்கோ விருதுநகருக்கோ கோவில்பட்டிக்கோ போகும். அங்கே கமிஷன் கடை, அதற்கப்பால் பஞ்சாலை. ஒரு கை பருத்திக்கும் மில்லுக்கும் நடுவே எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போன சிறுவன் கண்ணால் கண்டான்.

ஆனி, ஆடியில் வேப்பமுத்து பொறுக்குவார்கள். உடைந்த கலப்பைக் கொழுவைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்குவார்கள். பணம் இல்லாதவன் வெறுங்கையன் அல்லன், அவனிடமும் விற்க ஏதோ ஒன்று உண்டு என்பதை அந்தப் பண்டமாற்று கற்றுக்கொடுத்தது. அன்று பிள்ளைகள் காகிதத்தில் மடித்து வாங்கித் தின்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி.

ஓட்டைக் காலணாவின் மகிமை

நடுவில் துளையுள்ள செம்புக் காலணாவை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்ட அந்தக் காசை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. நான்கு காலணா ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். திருவிழாவுக்குக் கிடைக்கும் ஓரணாவை நான்காக மாற்றி, நான்கு விதமாகச் செலவழித்து, அதிலும் ஒன்றை மிச்சம் பிடித்த பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை.

1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு நூறு பைசா. ஓர் அணாவுக்குச் சரியாகப் பார்த்தால் ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை வந்தது. ஊர்க் கடைகளில் ஒரே குழப்பம். விவரமான பிள்ளைகள் இதில் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தார்கள். நாலணாச் சாமானை ஒரே தடவையில் வாங்கினால் 25 பைசா. ஓரணா ஓரணாவாக நான்கு தடவை வாங்கினால் 24 பைசாதான்! மிச்சம் ஒரு பைசா. கடைக்காரர்கள் இதைக் கவனித்துச் சிரித்தார்கள். சிலர் கவனித்துக் கடிந்தும் கொண்டார்கள். 'நயா' என்ற சொல் 1964இல் கைவிடப்பட்டு, வெறும் பைசா ஆயிற்று.

எடையும் அப்படித்தான். வீசை, பலம், சேர் என்று பழகிய கைகளுக்கு, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிலோவும் கிராமும் படிப்படியாக வந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று தானியம் அளந்த வாய், முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லாது, 'லாபம்' என்றுதான் தொடங்கும். "லாபம்... ரெண்டு... மூணு..." என்ற அந்த ராகத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கணினித் தராசின் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றுவதில் வியப்பில்லை.

கொசுறும் பற்று வரவும்

ஊர்க் கடைக்காரர் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அரைப்படி உளுந்து வாங்க வந்த பிள்ளைக்கு ஒரு பிடி பொரிகடலையோ ஒரு துண்டு வெல்லமோ கொசுறாகக் கிடைக்கும. இதனால் "கடைக்குப் போய் வா" என்று தாய் சொன்னால் பிள்ளை மறுக்காது. இரண்டு கடைகள் உள்ள ஊரில் எந்தக் கடைக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது பிள்ளைதான். இன்று பெரிய நிறுவனங்கள் பல கோடி செலவழித்து நடத்தும் பரிசுத் திட்டங்களை நம் முன்னோர் ஒரு பிடி கடலையில் முடித்துவிட்டார்கள்.

பற்று வரவு நோட்டும் மறக்கக் கூடியதன்று. "அப்பா எழுதிக்கச் சொன்னாக" என்று பிள்ளை சொன்னால் போதும். சாமான் கைக்கு வரும். பிள்ளையின் வாய்ச்சொல்லே கையெழுத்து. விளைச்சல் வீடு வந்ததும் கணக்குத் தீரும். மழை பொய்த்த ஆண்டில் தீராமலும் நிற்கும். அந்த ஆண்டிலும் கடைக்காரர் உப்பையும் புளியையும் நிறுத்தவில்லை. ஏனெனில் அடுத்த ஆண்டும் அதே ஊரில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவும் சொன்ன நாம் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கில் வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டவர்கள் ஆவோம்.

அந்தக் கவலையற்ற பருவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்கவில்லை. கரிசல் காட்டில் கம்பும் சோளமும்தான் அன்றாட உணவு. நெல்லுச்சோறு பல வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே. பல ஊர்களில் சில தெருப் பிள்ளைகள் கடைப்படி ஏற முடியாமல் எட்ட நின்று சாமான் வாங்கினார்கள். தேநீர்க் கடையில் தனிக் குவளை இருந்தது. பெண் பிள்ளைகளின் பல்லாங்குழியும் படிப்பும் வயதுக்கு வந்த அன்றோடு பல வீடுகளில் முடிந்துபோயின. பத்துப் பன்னிரண்டு வயதில் படிப்பை விட்டுத் தொலைதூரத்துக் கடைகளுக்கு எடுபிடி வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் முதலாளி ஆனவர்களின் கதையைத்தான் நாம் கேட்கிறோம். ஆகாதவர்களின் கதை நம் காதுக்கு வருவதில்லை.

விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர், தந்தையை இளமையிலேயே இழந்து, பள்ளியைப் பாதியில் விட்டு, தாய்மாமனின் ஜவுளிக் கடையில் வேலைக்கு நின்றவர். தாம் இழந்தது என்ன என்பதை அவர் அறிந்திருந்தார். முதலமைச்சரானபின், 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் அந்த வழியில் வந்தவை. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலையோ ஊரார் கொடையால் நடந்தது. விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்திய வணிகர்களின் ஊர் அது. வியாபாரிகள் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் செய்யக் கூடியது

பழைய நாட்களைத் திரும்பக் கொண்டுவர யாராலும் இயலாது. எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரவும் கூடாது. ஆனால் அதில் இருந்த சத்தை நம் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இன்று கடை வைத்திருக்கும் பலருக்கும் உள்ள கவலை ஒன்றே: "எனக்குப் பின் இந்தக் கல்லாவில் யார் உட்காருவது?" பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், வேறு வேலைக்குப் போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடை என்றால் என்ன என்றே தெரியாமல் போவதுதான் வருத்தம். தெரிந்தபின் வேண்டாம் என்பது வேறு, தெரியாமலே விலகிப் போவது வேறு.

எனவே கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஒரு நாள் சந்தைக்கு அழைத்துப் போங்கள். சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தை, செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தை என்று இன்றும் கூடும் சந்தைகள் இருக்கின்றன. பேரம் எப்படி நடக்கிறது, சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு என்று நேரில் பார்க்கட்டும். விடுமுறையில் ஒரு மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சட்டத்தையும் நினைவில் வைப்போம்: 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பது குற்றம். சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, படிப்புக் கெடாமல் உதவுவதற்கு மட்டுமே அனுமதி உண்டு. நம் பிள்ளை கற்றுக்கொள்ள உட்காரலாம்; அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சம்பளத்துக்கு நிறுத்தலாகாது.

கடையிலும் சிலவற்றை மீட்கலாம். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும், 2021இல் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியதும் நம்மைப் பழைய காகிதப் பொட்டலத்துக்கும் துணிப்பைக்கும் திருப்பின. அதைச் சுமையாகக் கருத வேண்டாம். நம் தாத்தா காலத்து வழக்கந்தானே! சாமான் வாங்கத் தாயோடு வரும் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். ஒரு கடலைமிட்டாயை அதன் கையில் வையுங்கள். கைப்பேசியில் சாமான் சொல்லி வீட்டு வாசலில் வாங்கும் காலம் இது. அந்தப் பெட்டிக்குள் எல்லாம் வரும், கொசுறு வராது. பிள்ளையின் பெயர் தெரிந்த கடைக்காரரும் வரமாட்டார்.

அந்த இரண்டும் இன்னமும் நம் கையில்தான் இருக்கின்றன. அவற்றை விடாமல் வைத்துக்கொள்வோம்.