எறிதல் காலில் தொடங்குகிறது

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு டென்னிஸ் பந்தைக் கொடுத்துச் சுவரில் எறியச் சொல்லுங்கள். கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். வலது கையால் எறியும் பிள்ளைகள் பலர் வலது காலையே முன்னால் வைப்பார்கள். சிலருக்குக் கால் அசையவே அசையாது; நெஞ்சைச் சுவருக்கு நேராக நிமிர்த்தி, முழங்கையை மட்டும் மடக்கி நீட்டுவார்கள். பந்து பாதி வழியில் விழும். "கையில தெம்பே இல்ல" என்று நாமும் சொல்லிவிடுவோம்.

விசை வரும் வழி

வேகமான எறிதலில் விசை காலில் பிறக்கிறது. முதலில் இடுப்பு திரும்பும், அதற்குப் பிறகு தோள்; முழங்கையும் மணிக்கட்டும் கடைசியில்தான். காலும் இடுப்பும் சும்மா நின்றுவிட்டால் எல்லா வேலையும் தோள் தலையில் விழும். அமெரிக்காவில் மோனிகா வைல்டு 1938இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளின் எறிதல் கட்டம் கட்டமாக முதிர்வதைக் காட்டியது. எறியும் கைப் பக்கத்துக் காலையே முன்வைப்பது இடைக்கட்டம். எதிர்க்காலை வைப்பது முதிர்ந்த கட்டம். உரிய பயிற்சி கிடைக்காத பலர் பெரியவர்களான பிறகும் இடைக்கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் குறி வேண்டாம்

தொடக்கத்திலேயே ஸ்டம்பை நட்டு "அடி பார்க்கலாம்" என்றால், தவறிவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை உடம்பைச் சுருக்கிக்கொண்டு மெல்லத்தான் எறியும். (ஸ்டம்பைப் பார்த்ததும் நாலு பையன்கள் கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்கள் என்பது வேறு விஷயம்.) "சுவர் அதிர எறி" என்று சொல்லுங்கள். குறி பிறகு வரும்.

தரையில் சாக்பீஸால் ஒரு பாதம் வரையுங்கள். வலக்கைப் பிள்ளை இடது தோள் சுவரைப் பார்க்கப் பக்கவாட்டில் நிற்கட்டும். பந்துள்ள கை பின்னால் போக, இடது கால் எட்டி அந்தப் பாதத்தில் ஊன்ற வேண்டும். பிறகுதான் பந்து கையை விட்டுப் போக வேண்டும். எறிந்த கை எதிர்த்தொடையைத் தாண்டி இறங்கட்டும். இடக்கைப் பிள்ளைக்கு எல்லாமே மறுபக்கம். ஒரு வகுப்பில் ஒரு திருத்தம் போதும்; கால், தோள், கை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் நிற்காது.

டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்குள்தான். கிரிக்கெட் பந்து ஏறத்தாழ 160 கிராம். அது இந்த வயதுக்கு வேண்டாம். முதல் வகுப்புக்குப் பழைய காலுறையைச் சுருட்டித் தைத்த பந்தே போதும்.

"பொண்ணுங்களுக்கு வராது"

இப்படிச் சொல்லும் பையன்களை இடது கையால் எறியச் சொல்லுங்கள். அதே விறைத்த உடம்பு, அதே தப்பான கால். பழகாத கை யாருடையதானாலும் அப்படித்தான் எறியும்.

முழங்கை வலித்தால்

வளரும் பிள்ளைகளின் முழங்கை உட்புறத்தில் எலும்பு வளரும் குருத்துப் பகுதி இருக்கிறது. திரும்பத் திரும்ப வேகமாக எறிந்தால் அது புண்படலாம். அமெரிக்க லிட்டில் லீக் பேஸ்பாலில் 7, 8 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 50 பந்துக்கு மேல் மட்டையாளருக்கு எறியக் (பிட்ச் செய்ய) கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். உட்புறம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், தைலம் தேய்த்துத் திரும்ப மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.