அனுமதியோடு நுழையும் ஆட்வேர்

2017 ஜூனில் செக் பாயின்ட் என்ற இஸ்ரேலிய நிறுவனம் 'ஃபயர்பால்' என்னும் ஆட்வேரைப் (விளம்பரங்களைத் திணிக்கும் மென்பொருளைப்) பற்றி எச்சரித்தது. பெய்ஜிங்கின் ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் அதைப் பரப்பியதாகவும், உலகில் 25 கோடி கணினிகளிலும் அவற்றுள் இந்தியாவில் மட்டும் சுமார் 2.5 கோடியிலும் அது புகுந்திருப்பதாகவும் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு மிகை என்றது மைக்ரோசாஃப்ட். ஆனால் ஃபயர்பால் வந்த வழியைப் பற்றி இருவரும் சொன்னது ஒன்றுதான்: பெரும்பாலும் வேறு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாம் படிக்காமல் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்தும் இடத்தில்தான் இத்தகையவை நுழைகின்றன. ஆகவே ஆட்வேரை நீக்குவது என்பது, கொடுத்த அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுவதுதான்.

மும்பையில் தாராவியிலோ செம்பூரிலோ ஒரு வீட்டுக் கணினியில் விளம்பரங்கள் குவிந்தால், லாமிங்டன் ரோடு கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மட் அடித்தால் தீர்ந்தது என்பார்கள். தீராது. பிள்ளைகளின் புகைப்படங்கள் அழியும். திருட்டு விண்டோஸையும் கிராக் மென்பொருளையும் மறுபடி ஏற்றினால் ஆட்வேருக்கும் மறுபடி இடம் கிடைக்கும். குரோமில் பழைய கணக்கோடு நுழைந்ததும் 'சிங்க்' வசதி, விளம்பரம் காட்டிய அதே எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேரும் துணை நிரலை) திரும்பக் கொண்டுவந்து சேர்க்கவும் கூடும்.

முதலில் நோயின் இடத்தைக் கண்டறிய வேண்டும். இன்காக்னிட்டோ சன்னலில் எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாக இயங்குவதில்லை. அங்கே விளம்பரம் நின்றுபோனால் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மீதுதான். பிரவுசரை மூடிய பிறகும் பாப்-அப் வந்தால், நிறுவப்பட்ட மென்பொருள்களைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றைப் பாருங்கள். திரையின் மூலையில் 'வைரஸ் இருக்கிறது' என்று மிரட்டும் பெட்டி பல நேரங்களில் வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' கொடுத்த நோட்டிஃபிகேஷன். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை நீக்கினால் போதும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்து முழு ஸ்கேன் செய்யலாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. தேடி முதலில் கிடைக்கும் 'கிளீனரை' மட்டும் இறக்காதீர்கள். அதுவே இன்னொரு ஆட்வேராக இருக்கலாம்.

இலவசமாகக் கொடுப்பவர் விளம்பரத்தில்தானே சம்பாதிக்க வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. தளத்தில் தெரியும் விளம்பரத்துக்கு அது பொருந்தும். நம் தேடலைத் திருப்பிவிடும் நிரலுக்குப் பொருந்தாது. 2015-இல் அம்பலமான 'சூப்பர்ஃபிஷ்' என்ற ஆட்வேர் லெனோவோ மடிக்கணினிகளில், அதாவது காசு கொடுத்து வாங்கிய பொருளில், முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. விளம்பரம் நுழைக்க அது பாதுகாப்பான இணைப்புகளையே இடைமறித்தது. அந்தக் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே ரகசியச் சாவி இருந்ததால், அதே வைஃபையில் இருக்கும் திருடனால்கூட வங்கித் தளத்தைப் போலியாகக் காட்டி ஏமாற்ற முடிந்தது.

மிரட்டும் பெட்டியில் உள்ள எண்ணுக்கு யாரும் அழைக்க வேண்டாம். அழைத்துப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-இல் புகார் கொடுங்கள்.